வாழை வாடல் நோய்: பூசணத்தின் இனத்தைக் காட்டும் டி.என்.ஏ. சோதனை

வாழையைத் தாக்கும் நோய்களில் மிகவும் கொடியது வாடல் நோயாகும். பனாமா வாடல் என்றும் இது அழைக்கப்படுகிறது. ரஸ்தாளி பயிரிட்டுப் பழகிய விவசாயிகளுக்கு இந்நோயைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அடி இலை மஞ்சளாவதைக் கண்டதுமே பெயரைச் சொல்லிவிடுவார்கள். ஆனால் இந்நோயை உண்டாக்கும் பூசணத்தில் பல இனங்கள் உள்ளன. எந்த இனம் தோட்டத்தில் புகுந்துள்ளது என்பதைப் பொறுத்தே, அடுத்து அந்த நிலத்தில் எந்த ரக வாழையை வைக்கலாம், அல்லது வாழையே வைக்கலாமா என்பது அமையும்.

பூசணத்தின் இனத்தைக் கண்ணால் பார்த்து அறிய முடியாது. அதை விரைவாக அறிவதற்கு டி.என்.ஏ. சோதனையே இன்று உள்ள வழி. அச்சோதனை எவ்வாறு செய்யப்படுகிறது, அதன் முடிவை எப்போது நம்பலாம், விவசாயிகள் செய்ய வேண்டியவை யாவை என்பன இங்கு விளக்கப்படுகின்றன.

நோயின் அறிகுறிகள்

வாடல் நோய் பெரும்பாலும் நட்ட நான்கைந்து மாதங்களுக்குப் பின் வெளியே தெரியும். முதலில் அடி இலைகளின் ஓரம் மஞ்சளாகும். மஞ்சள் நிறம் நடு நரம்பை நோக்கிப் பரவும். பின்னர் இலைக்காம்பு ஒடிந்து, இலைகள் தண்டைச் சுற்றிப் பாவாடை கட்டியதுபோல் தொங்கும். சில மரங்களில் தண்டின் அடிப்பகுதி நீளவாக்கில் வெடிக்கும். தண்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் செம்பழுப்பு நிறப் புள்ளிகள் வளையமாகத் தெரியும். நீளவாக்கில் பிளந்தால் அவையே கோடுகளாக ஓடுவதைக் காணலாம். கிழங்கை வெட்டினாலும் மஞ்சள், சிவப்பு, பழுப்பு நிறத் திட்டுகள் இருக்கும்.

கிழங்கு அழுகல் நோயிலும் மரம் வாடும். ஆனால் அந்நோயில் கிழங்கு கொளகொளத்து நாற்றம் வீசும். இலேசாகத் தள்ளினாலே மரம் அடியோடு சாய்ந்துவிடும். கூன்வண்டு குடைந்த மரத்தில் துளைகளும் புழுக்களும் காணப்படும். இவற்றை முதலில் பிரித்தறிந்துகொள்ள வேண்டும்.

வாடல் நோயின் பூசணம் மண்ணில் வாழ்வது. வேர் வழியாக உள்ளே நுழைந்து, நீர் கடத்தும் குழாய்களில் வளர்ந்து, அவற்றை அடைத்துவிடுகிறது. காலில் தண்ணீர் நின்றாலும் மரம் தாகத்தால் வாடுவதற்கு இதுவே காரணம். மரம் செத்தபின் பூசணம் தடித்த சுவர் கொண்ட வித்துகளாக மாறி, 20 ஆண்டுகளுக்கு மேலும் மண்ணில் உயிரோடு கிடக்கும். நோய் கண்ட மரத்தைக் குணப்படுத்தும் பூசணக்கொல்லி எதுவும் இல்லை. ஆகவே வருமுன் காப்பதும், வந்தது எது என்பதைச் சரியாக அறிவதும் முக்கியமாகும்.

பழைய இனமும் புதிய இனமும்

இந்நோய் ஆஸ்திரேலியாவில் 1870-களிலேயே குறித்து வைக்கப்பட்டுள்ளது. கியூபாவிலிருந்து வந்த நோயுற்ற வாழையில் இருந்த பூசணத்திற்கு 1910-ல் அமெரிக்க விஞ்ஞானி எர்வின் ஸ்மித் பெயர் வைத்தார். இன்று பியூசேரியம் ஆக்ஸிஸ்போரம் கியூபென்ஸ் என்று அது பரவலாக வழங்கப்படுகிறது. தென் அமெரிக்க, மத்திய அமெரிக்க நாடுகளில் ஏற்றுமதிக்கென்று இலட்சக்கணக்கான ஏக்கரில் நின்ற குரோ மிஷல் என்ற வாழை ரகத்தை இப்பூசணத்தின் முதல் இனம் அழித்தது. 1960-களில் அந்நாடுகள் கேவண்டிஷ் வகை வாழைக்கு மாறின. முதல் இனத்தை அவ்வகை தாங்கி நின்றதே காரணம்.

நம் நாட்டில் ரஸ்தாளி, கற்பூரவல்லி, விருப்பாச்சி போன்ற ரகங்களை வாடச் செய்வது பெரும்பாலும் இந்த முதல் இனமே. ரொபஸ்டா, ஜி-9 ஆகியவை கேவண்டிஷ் வகையைச் சேர்ந்தவை. ரஸ்தாளி வாடிய நிலத்தில் பூவன் அல்லது ஜி-9 வைத்துப் பிழைத்த விவசாயிகள் பலர்.

அந்த நம்பிக்கையைக் குலைத்தது புதிய இனம். தைவானில் 1960-களின் இறுதியில் கேவண்டிஷ் வாழை வாடத் தொடங்கியது. 1990-களில் இந்தோனேசியா, மலேசியா ஆகிய நாடுகளின் பெரிய கேவண்டிஷ் தோட்டங்கள் இதே நோயால் அழிந்தன. வெப்பமண்டல நான்காம் இனம், சுருக்கமாக டி.ஆர்.4 என்று இதற்குப் பெயர். ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசத்தில் 1997-லும், ஜோர்டான், மொசாம்பிக் நாடுகளில் 2013-லும், கொலம்பியாவில் 2019-லும், பெரு நாட்டில் 2021-லும் இது உறுதி செய்யப்பட்டது. கொலம்பிய அரசு தேசிய அவசர நிலையே அறிவித்தது.

இந்தியாவில் பீகார் மாநிலத்தின் கட்டிஹார், பூர்ணியா மாவட்டங்களில் ஜி-9 தோட்டங்களில் டி.ஆர்.4 இருப்பது 2019-ல் ஆய்வு வெளியீடாக வந்தது. திருச்சியில் உள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மைய விஞ்ஞானிகளும் வெளிநாட்டு விஞ்ஞானிகளும் சேர்ந்து அதை உறுதி செய்தனர். உத்தரப் பிரதேசத்திலும் இந்த இனம் காணப்பட்டுள்ளது. உலகில் மிக அதிகமாக வாழை விளைவிக்கும் நாடு இந்தியா. அதில் பெரும் பங்கு கேவண்டிஷ் வகையாக இருப்பதால் இதன் ஆபத்தை விவசாயிகள் உணர வேண்டும்.

கண்ணும் நுண்நோக்கியும் போதா

முதல் இனத்தால் வாடிய மரமும், டி.ஆர்.4 இனத்தால் வாடிய மரமும் பார்ப்பதற்கு ஒன்றே. மஞ்சள் இலை, வெடித்த தண்டு, செம்பழுப்புக் கோடு எல்லாம் இரண்டிலும் உண்டு. பூசணத்தைப் பிரித்தெடுத்துக் கண்ணாடித் தட்டில் வளர்த்து நுண்நோக்கியில் பார்த்தாலும் அதே பிறை வடிவ வித்துகளே தெரியும். இதற்கு மேல், இதே பியூசேரியம் ஆக்ஸிஸ்போரம் குடும்பத்தில் யாருக்கும் தீங்கு செய்யாமல் மண்ணிலும் வேரிலும் வாழும் பூசணங்களும் ஏராளம். வாடிய மரத்தில் பியூசேரியம் இருந்தது என்பதால் மட்டும் நோய்க்குக் காரணம் அதுதான் என்று முடிவு கட்ட இயலாது.

வாழை ரகத்தை வைத்துக் கணிப்பதும் சரியாக இராது. ஜி-9 வாடினால் அது டி.ஆர்.4 தான் என்று சிலர் எண்ணுகிறார்கள். ஆனால் தமிழ்நாட்டில் கேவண்டிஷ் வாழையை வாட்டிய பூசணம் வீரியம் மிக்க முதல் இனமே என்று 2010-ல் ஓர் ஆய்வுக் குறிப்பு வெளியாயிற்று. அதுபோலவே, ரஸ்தாளி வாடினால் அது பழைய இனம்தான் என்று அசட்டையாக இருப்பதும் தவறு. டி.ஆர்.4 கேவண்டிஷ் வகையோடு நிற்பதில்லை. முதல் இனம் தாக்கும் ரகங்களையும் அது தாக்கும்.

முன்பு இனத்தைக் கண்டறிய இரு வழிகள் இருந்தன. ஒன்று, பல ரக வாழைக் கன்றுகளை வைத்து, ஒவ்வொன்றிலும் பூசணத்தைச் செலுத்தி, எது வாடுகிறது என்று பார்ப்பது. இதற்கு மாதக் கணக்கில் ஆகும். மற்றொன்று, தெரிந்த இனத்தையும் தெரியாத பூசணத்தையும் ஒரே தட்டில் அருகருகே வளர்த்து, இரண்டின் இழைகளும் ஒன்றோடொன்று கூடுகின்றனவா என்று பார்ப்பது. ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவை மட்டுமே கூடும். இம்முறை நம்பகமானது, ஆனால் வாரக் கணக்கில் ஆகும். நோய் அதற்குள் அடுத்த தோட்டத்திற்குப் போய்விடும்.

டி.என்.ஏ. சோதனை நடப்பது எப்படி?

ஒவ்வோர் உயிரின் அணுக்களுக்குள்ளும் டி.என்.ஏ. என்ற மரபுப் பொருள் நூல்போல் சுருண்டு கிடக்கிறது. ஏ, சி, ஜி, டி என்ற நான்கே எழுத்துகள் மாறி மாறி வரிசையாக அமைந்தது அந்த நூல். நெல்லுக்கு ஒரு வரிசை, வாழைக்கு ஒரு வரிசை, பூசணத்திற்கு ஒரு வரிசை. வாழை வாடல் பூசணத்தின் முழு வரிசையில் ஏறத்தாழ 5 கோடி எழுத்துகள் உள்ளன. அவை முழுவதையும் ஒவ்வொரு மாதிரியிலும் படிக்கத் தேவையில்லை. அடையாளத்திற்கு ஏற்ற சில நூறு எழுத்துகள் கொண்ட ஒரு பகுதியைப் படித்தால் போதும்.

சோதனைச்சாலையில் முதலில் நோயுற்ற தண்டின் கோடுகளிலிருந்து பூசணம் வளர்க்கப்படுகிறது. அதை அரைத்து டி.என்.ஏ. பிரிக்கப்படுகிறது. பின்னர் பி.சி.ஆர். என்னும் கருவியில் வைத்து, வேண்டிய பகுதி மட்டும் பெருக்கப்படுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று இரண்டாக, இரண்டு நான்காகப் பெருகும். 30 சுற்று முடியும்போது ஒரு துண்டு 100 கோடிக்கு மேல் ஆகிவிடும். இதற்குச் சில மணி நேரமே ஆகிறது. பின்பு அத்துண்டின் எழுத்து வரிசையை வேறொரு கருவி படித்துக் கொடுக்கும்.

எந்தப் பகுதியைப் படிப்பது என்பதில்தான் நுட்பம் உள்ளது. பூசணங்கள் அனைத்திற்கும் பொதுவான அடையாளப் பகுதியாக ஐ.டி.எஸ். என்ற துண்டை 2012-ல் உலக விஞ்ஞானிகள் ஏற்றுக்கொண்டனர். இத்துண்டைப் படித்தால் பூசணம் எந்தக் குடும்பம் என்பது தெரியும். ஆனால் பியூசேரியத்தில் நெருங்கிய உறவுள்ள சிற்றினங்களுக்குக்கூட இத்துண்டு ஒன்றுபோல் இருக்கிறது. ஊர்ப் பெயரை மட்டும் எழுதிய கடிதம் போன்றது இது; தெருவும் கதவு எண்ணும் இல்லை. ஆகவே பியூசேரியத்திற்கு, புரதத்தை நீட்டும் பணியோடு தொடர்புள்ள டி.இ.எப். என்ற மரபணுவின் பகுதியைப் படிக்கிறார்கள்.

டி.ஆர்.4 இனத்தைப் பிரிப்பதற்கு அதுவும் போதாது. இதற்கென ஒரு சோதனை 2010-ல் வெளியிடப்பட்டது. ஐ.ஜி.எஸ். என்ற பகுதியில் டி.ஆர்.4 இனத்திற்கும் மற்ற இனங்களுக்கும் உள்ள இரண்டே எழுத்து வித்தியாசத்தை ஆதாரமாகக் கொண்டது அச்சோதனை. அந்த இரண்டு எழுத்தும் இருந்தால் 463 எழுத்து நீளமுள்ள துண்டு பெருகும், இல்லையெனில் பெருகாது. ஒரு தோட்டத்தின் தலைவிதி இரண்டு எழுத்தில் நிற்கிறது என்றால் மிகையாகாது.

தாய்ப் பத்திரம் சரியாக இருக்க வேண்டும்

டி.என்.ஏ. கருவி எழுத்து வரிசையைத்தான் கொடுக்கும். பூசணத்தின் பெயரைக் கொடுக்காது. பெயர் வேண்டுமானால், ஏற்கெனவே பெயர் தெரிந்த பூசணத்தின் வரிசையோடு இதை ஒப்பிட வேண்டும். அவ்வாறு ஒப்பிடுவதற்கு வைத்துள்ள வரிசைக்கு ஆதார வரிசை என்று பெயர். நிலம் வாங்குபவர் கையில் உள்ள பத்திரத்தை மட்டும் பார்த்து வாங்குவதில்லை. தாய்ப் பத்திரம் எங்கே என்று கேட்பார். தாய்ப் பத்திரத்தில் சர்வே எண் தவறாக இருந்தால் அதன் பிறகு எழுதிய அத்தனை பத்திரத்திலும் அத்தவறு தொடரும். ஆதார வரிசையும் அத்தகையதே.

உலகெங்கும் விஞ்ஞானிகள் தாங்கள் படித்த வரிசைகளைப் பொதுச் சேமிப்பில் பதிவு செய்கிறார்கள். அமெரிக்காவில் 1982-ல் தொடங்கிய ஜென்பேங்க் இவற்றுள் பெயர் பெற்றது. ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் உள்ள சேமிப்புகளோடு அது தகவலைப் பகிர்ந்துகொள்கிறது. எவரும் இவற்றை இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் வரிசையைப் பதிவு செய்பவர் எந்தப் பூசணம் என்று கருதினாரோ அந்தப் பெயரே அதில் இருக்கும். அவர் பூசணத்தைத் தவறாக அடையாளம் கண்டிருந்தால் தவறான பெயரே பதிவாகும். இச்சேமிப்புகளில் உள்ள பூசண வரிசைகளில் 20 சதவிகிதம் வரை சிற்றினப் பெயரை நம்ப முடியாதவை என்று 2006-ல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. பின்னால் வருபவர் தம் பூசணத்தை அந்தத் தவறான வரிசையோடு ஒப்பிட்டு, அதே பெயரில் தம்முடையதையும் பதிவு செய்வார். தவறு இரண்டாகும், பிறகு பத்தாகும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சரியான ஆதார வரிசை சேமிப்பில் இல்லாவிட்டால் கணினி பேசாமல் இருப்பதில்லை; இருப்பவற்றுள் மிக நெருக்கமானதன் பெயரை எடுத்துக் கொடுத்துவிடும். 100-க்கு 97 எழுத்து ஒத்துப்போனாலும் அது வேறு பூசணமாக இருக்கலாம்.

மிளகாய்ப் பழ அழுகலும் மாங்காய்க் கரும்புள்ளியும்

தாய்ப் பத்திரம் இல்லாததால் நேர்ந்த குழப்பத்திற்கு மிளகாய், மா, பப்பாளி ஆகியவற்றைத் தாக்கும் ஆந்த்ராக்னோஸ் நோய் நல்ல உதாரணம். இதை உண்டாக்கும் பூசணங்களில் கொலட்டோட்ரைகம் கிளியோஸ்போரியாய்டஸ் என்ற பெயர் பாடப் புத்தகங்களிலும் மருந்துப் பரிந்துரைகளிலும் பல்லாண்டுகளாக இடம்பெற்று வந்தது. இத்தாலியில் எலுமிச்சைக் குடும்ப மரத்தில் கண்ட பூசணத்திற்கு 1882-ல் வைத்த பெயர் அது. பின்னர் உலகின் எந்த மூலையில், எந்தப் பழத்தில் இத்தகைய பூசணத்தைக் கண்டாலும் அதே பெயரை வைத்தார்கள். 1957-ல் நெதர்லாந்தில் பணியாற்றிய வான் ஆர்க்ஸ் என்ற விஞ்ஞானி, வித்தின் உருவத்தை மட்டும் வைத்து நூற்றுக்கணக்கான பழைய பெயர்களை இந்த ஒரே பெயருக்குள் அடக்கினார்.

ஆதாரமாக வைத்து ஒப்பிட உயிருள்ள பூசணம் எதுவும் அப்போது இல்லை. 2008-ல்தான் இத்தாலியின் எலுமிச்சைக் குடும்ப மரத்திலிருந்து எடுத்த பூசணம் ஒன்று முறைப்படி ஆதார மாதிரியாக அறிவிக்கப்பட்டு, அதன் வரிசையும் வெளியிடப்பட்டது. அதனோடு ஒப்பிட்டபோது, வெப்ப நாட்டுப் பழங்களில் அதே பெயரால் அழைக்கப்பட்டு வந்தவற்றில் பெரும்பாலானவை வேறு பூசணங்கள் என்பது தெரிந்தது. 2012-ல் அக்கூட்டம் 22 சிற்றினங்களாகப் பிரிக்கப்பட்டது. மாவில் காணப்படும் ஆசியானம், இந்திய மிளகாயிலும் காணப்படும் சயாமென்ஸ் ஆகியவை அவற்றுள் சில. அந்த ஒரே பெயரில் பல்லாண்டு செய்த மருந்துச் சோதனைகள் உண்மையில் எந்தப் பூசணத்தின்மீது செய்யப்பட்டன என்று இன்று பிரித்துச் சொல்வது கடினம். பெயர் குழம்பினால் மருந்தும் குழம்பும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இக்குறையைப் போக்கும் பணி பல இடங்களில் நடந்து வருகிறது. ஆதார மாதிரியிலிருந்து எடுத்த வரிசைகளை மட்டும் சரிபார்த்துத் தனியாகத் தொகுக்கும் பிரிவு ஜென்பேங்கை நடத்தும் அமெரிக்க நிறுவனத்திலேயே உள்ளது. எஸ்டோனியா நாட்டின் தார்த்து நகரை மையமாகக் கொண்டு யூனைட் என்ற பூசணத் தொகுப்பு இயங்குகிறது. பியூசேரியத்திற்கென்றே 2004-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் ஒன்றில் தனித் தொகுப்பு தொடங்கப்பட்டது. உயிருள்ள பூசணங்களைக் காத்து வைக்கும் நிலையங்களும் உள்ளன. புதுடில்லி இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் உள்ள பூசணச் சேமிப்பு 1936 முதல் இயங்கி வருவதாகும். வரிசையில் சந்தேகம் வந்தால் பூசணத்தையே எடுத்து மீண்டும் படித்துப் பார்க்க இந்நிலையங்கள் உதவுகின்றன.

ஆஸ்திரேலியாவில் 2015-ல் நடந்தது

சோதனை முடிவு விவசாயியின் வாழ்வை எவ்வாறு தொடுகிறது என்பதை ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் நடந்த இரு நிகழ்ச்சிகள் காட்டும். 2015 மார்ச்சில் அங்குள்ள டல்லி பகுதியில் ஒரு கேவண்டிஷ் தோட்டத்தில் டி.ஆர்.4 கண்டறியப்பட்டு உறுதி செய்யப்பட்டது. தோட்டத்திற்குள் ஆட்களும் வண்டிகளும் போய்வரக் கட்டுப்பாடு வந்தது. 2016-ல் அந்நாட்டு வாழை விவசாயிகள் சங்கமே அத்தோட்டத்தை விலைக்கு வாங்கி மூடியது. நோய் அடுத்த தோட்டங்களுக்குப் போகாமல் தடுப்பதே அதன் நோக்கம்.

2015-லேயே மரீபா பகுதியில் இன்னொரு தோட்டத்து மாதிரியிலும் முதல் சோதனை "நோய் உண்டு" என்று காட்டியது. அத்தோட்டமும் கட்டுப்பாட்டில் வைக்கப்பட்டது. மேற்கொண்டு சோதித்தபோது அது டி.ஆர்.4 அன்று என்று தெரிந்து கட்டுப்பாடு நீக்கப்பட்டது. முதல் சோதனையோடு நிறுத்தியிருந்தால் நல்ல தோட்டம் ஒன்று வீணாகியிருக்கும். மாறாக, டல்லியில் சோதனையே செய்யாமல் பழைய வாடல்தானே என்று விட்டிருந்தால் ஒரு வட்டாரமே வீணாகியிருக்கும்.

இத்தகைய தவறு ஏன் நேர்கிறது என்பதும் ஓரளவு விளங்கியுள்ளது. வாழை வேரில் தீங்கு செய்யாமல் வாழும் சில பியூசேரியங்களும் சில சோதனைகளில் டி.ஆர்.4 போலவே காட்டுகின்றன என்று 2019-ல் வெளியான ஆய்வு தெரிவித்தது. சோதனையை வகுத்தபோது அப்பூசணங்களின் வரிசை ஒப்பிடுவதற்குக் கையில் இல்லை. ஆதார வரிசைகள் பெருகப் பெருக, சோதனைகளும் திருத்தப்பட்டு வருகின்றன. ஆகவே நல்ல சோதனைச்சாலைகள் ஒரே ஒரு பகுதியை நம்புவதில்லை. இரண்டு மூன்று பகுதிகளைச் சோதித்து, தெரிந்த டி.ஆர்.4 பூசணத்தையும் தெரிந்த வேறு இனத்தையும் உடன் வைத்துப் பார்த்து, வரிசையையும் படித்த பின்பே முடிவு சொல்கின்றன. கொலம்பியாவில் 2019-ல் பூசணத்தின் முழு டி.என்.ஏ. வரிசையையும் படித்து ஒப்பிட்டே உறுதி செய்தார்கள்.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

டி.என்.ஏ. சோதனையை விவசாயி தாமே செய்ய இயலாது. ஆனால் அதன் வெற்றி பாதி அவர் கையில்தான் உள்ளது. கீழ்க்கண்டவற்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

1. ஜி-9 அல்லது ரொபஸ்டா தோட்டத்தில் வாடல் அறிகுறி தென்பட்டால், ஒரு மரமாக இருந்தாலும், தாமதிக்காமல் தோட்டக்கலைத் துறை அலுவலருக்கோ, வேளாண் அறிவியல் நிலையத்திற்கோ தகவல் கொடுக்க வேண்டும். தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தையும், கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயிர் நோயியல் துறையையும் அவர்கள் மூலம் அணுகலாம்.

2. நோயுற்ற கிழங்கையோ தண்டையோ மூட்டை கட்டிப் பேருந்தில் எடுத்துச் செல்லக் கூடாது. வழியெல்லாம் நோயை விதைத்ததாகும். அலுவலர்கள் தோட்டத்திற்கே வந்து மாதிரி எடுப்பதே நல்லது.

3. அவர்கள் வரும்வரை நோயுற்ற மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, ஆடு மாடுகளும் ஆட்களும் போகாமல் தடுக்க வேண்டும். அந்த இடத்தில் உழவோ, களைவெட்டோ கூடாது. அங்கிருந்து தண்ணீர் அடுத்த பாத்திக்கு வழியாமல் வரப்பை உயர்த்த வேண்டும்.

4. முற்றிலும் அழுகிக் காய்ந்த மரம் சோதனைக்கு ஏற்றதன்று. அதில் வேறு பூசணங்களும் பாக்டீரியாக்களும் குடியேறியிருக்கும். இலை மஞ்சளாகி, தண்டில் செம்பழுப்புக் கோடு தெளிவாகத் தெரியும் மரமே ஏற்றது. ஆகவே அத்தகைய மரத்தை வெட்டிவிடாமல் வைத்திருக்க வேண்டும்.

5. மாதிரி எடுக்கும் கத்தியை ஒவ்வொரு மரத்திற்கும் சுத்தம் செய்ய வேண்டும். கோடுள்ள தண்டுப் பகுதியைக் காகிதத்தில் சுற்றி உலர்வாக வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் ஈரத்தோடு கட்டி வைத்தால் அழுகிவிடும்.

6. மாதிரியோடு ரகத்தின் பெயர், நட்ட தேதி, கன்று வாங்கிய இடம், முன் பயிர், எத்தனை மரம் வாடியது ஆகியவற்றை எழுதிக் கொடுக்க வேண்டும். பூசணத்தின் பெயரைச் சரிபார்க்க இவை மிகவும் உதவும்.

முடிவு வந்தபின்

சோதனை முடிவில் "பியூசேரியம் ஆக்ஸிஸ்போரம் உள்ளது" என்று மட்டும் எழுதியிருந்தால் அது முழு விடையாகாது. எந்த இனம், எத்தனை பகுதிகளில் சோதிக்கப்பட்டது, எந்த ஆதார மாதிரியோடு ஒப்பிடப்பட்டது, மறுசோதனை செய்யப்பட்டதா என்று தயங்காமல் கேட்க வேண்டும். தனியார் சோதனைச்சாலை முடிவை மட்டும் வைத்துத் தோட்டத்தை அழிப்பதோ, அசட்டையாக விடுவதோ கூடாது.

முதல் இனம் என்று உறுதியானால், நோயுற்ற மரங்களைக் கிழங்கோடு அப்புறப்படுத்தி அந்த இடத்திலேயே அழிக்க வேண்டும். அந்த நிலத்தில் ரஸ்தாளி, கற்பூரவல்லி போன்ற ரகங்களைத் தவிர்த்துப் பூவன் போன்ற தாங்கும் ரகங்களை வைக்கலாம். தண்ணீர் வசதி உள்ள இடங்களில் ஒன்றிரண்டு போகம் நெல் பயிரிட்டால் நோயின் கடுமை குறையும். ஆனால் பூசணம் அடியோடு ஒழிந்துவிடாது.

டி.ஆர்.4 என்று உறுதியானால், அது ஒரு விவசாயியின் பிரச்சினையாக நிற்காது. அந்தத் தோட்டத்திலிருந்து கன்று, இலை, மண், வண்டி, கருவி எதுவும் வெளியே போகக் கூடாது. அலுவலர்கள் கூறும் முறைப்படி மரங்களை அழிக்க வேண்டும். இதை மறைத்து வைத்தால் அடுத்த தோட்டமும், அதற்கடுத்த கிராமமும் பாதிக்கப்படும்.

நோய் இல்லாத தோட்டங்களிலும் எச்சரிக்கை தேவை. நோயின் முக்கிய வாகனம் கன்றும் அதில் ஒட்டிய மண்ணுமே. வட மாநிலங்களிலிருந்தோ, நோயுள்ள தோட்டத்திலிருந்தோ விலை மலிவு என்று பக்கக் கன்றுகளை வாங்கக் கூடாது. நம்பகமான நிலையங்களில் தயாரித்த திசு வளர்ப்புக் கன்றுகளில் இப்பூசணம் இராது. வாடகைக்கு வரும் உழவு எந்திரம், மண்வெட்டி, கடப்பாரை, அறுவடைக்கு வருபவர்களின் செருப்பு ஆகியவற்றில் ஒட்டியுள்ள மண்ணை முதலில் கழுவி நீக்கி, பிறகு கிருமிநாசினியில் நனைத்த பின்பே தோட்டத்திற்குள் விட வேண்டும். மண் ஒட்டியிருக்கும்போது கிருமிநாசினி வேலை செய்யாது.

கன்று வாங்கியபோது பெற்ற ரசீதையும், எந்த வயலில் எந்தக் கன்று நட்டது என்ற குறிப்பையும் பத்திரமாக வைத்திருப்பது நல்லது. வாடல் தோன்றினால், நோய் எந்த வழியாக வந்தது என்பதை அறிய டி.என்.ஏ. சோதனைக்குத் துணையாக நிற்பது இந்தக் குறிப்பேயாகும்.